திமிரியும் பாரியும்

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரில், தைப்பூசத்தன்று கோயிலொன்றில் இரு பழைய நாகசுரங்களை ஒருங்கே கேட்டோம். ஒன்று திமிரி, மற்றது பாரி. சாக்ஸபோனில் ஆல்டோவினும் டெனாரின் குழல் நீண்டது. ஆதலின் அதன் ஒலி தாழ்ந்தது. நாகசுரத்திற்கும் அதே நியதிதான்.

குட்டையான திமிரி வீதிக்கு உரியது. நெடுந்தொலைவு எட்டும் கூர்மை அதற்குண்டு. பாரியோ நின்று பேசும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கென 1955இல் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி, சுத்த மத்திமம் பிசகாத பாரியைக் கடைந்தளித்தார். மறு ஆண்டே பிள்ளையவர்கள் மறைந்தார். கச்சேரி மேடையில் இன்று பெரிதும் ஒலிப்பது பாரியே.

அன்று இரண்டிலும் தோடி. திமிரி கரகரத்தது. மரம் பழுதுற்றதென்று தீர்ப்பே கூறிவிட்டோம். வித்துவான் நகைத்தார். "ஐயா, மரத்தைப் பழிக்காதீர்கள். ஆச்சா முதிர முதிர நல்லது. சீவாளிதான் இந்த ஈரக்காற்றில் தளர்ந்துவிட்டது" என்றவர், புதியதொன்றைச் செருகி ஊதினார். அதே குழல், மணி போன்ற நாதம்! நமக்கு நாணமாயிற்று.

சீவாளி நாணலால் ஆவது. அவருக்குத் தஞ்சைப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வரவேண்டும். பெட்டியில் எஞ்சியவை மூன்றே. பங்குனி உத்திரத்திற்கோ இரு திங்கள் இருந்தன. "பாரிக்கு இரண்டு, திமிரிக்கு ஒன்று" என எண்ணிப் பெட்டியை மூடினார்.