ஆவிகளின் மலை



கனடாவில் மலை என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு ரொக்கி மலைதான் ஞாபகம் வரும். இன்று உங்களை அதற்கு எதிர்த்திசையில், லப்ரடோர் குடாநாட்டின் வடமுனைக்குக் கூட்டிச் செல்கிறேன். அங்கே இருப்பது டோர்ன்கட் மலைத்தொடர். இனுயிற் மக்களின் மொழியில் 'டோர்ன்கைட்' என்றால் ஆவிகளின் இடம்.

கிழக்கே அத்திலாந்திக், மேற்கே உங்காவா விரிகுடா. கடல் மலைகளுக்குள் ஒடுங்கிய நீண்ட குடாக்களாகப் புகுந்து கிடக்கிறது. மரங்கள் இல்லை. வீதியும் இல்லை, விமானத்திலோ படகிலோதான் போகவேண்டும். சில பாறைகளின் வயது 380 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பனிக்கரடி நடமாடுவதால், வருவோருக்குக் காவலாக இனுயிற் வேட்டைக்காரர் துப்பாக்கியுடன் கூடவே நடப்பார்கள்.

உயர்ந்த சிகரம் 1,652 மீற்றர். ரொக்கிக்குக் கிழக்கே கனடாவின் பெருநிலப்பரப்பில் இதைவிட உயரமானது இல்லை. கியூபெக் பக்கத்தில் அதன் பெயர் டிபெர்வில். லப்ரடோர் பக்கத்தில் கோப்விக். கோப்விக் ஓர் இனுயிற் பெண். 1772இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஐவரில் நால்வர் அம்மை நோயால் இறக்க, உயிரோடு ஊர் திரும்பியவர் அவர் ஒருவரே.

இம்மலைகளின் தெற்கு ஓரத்தில் ஹெப்ரோன் என்றொரு ஊர் இருந்தது. 1959இல் அது மூடப்படுமென்று தேவாலயத்துக்குள் வைத்து அறிவித்தார்கள். அங்கே எதிர்த்துப் பேசுவது அந்த மக்களின் வழக்கமல்ல. வைத்தியம், வீட்டுவசதி கொடுப்பது கடினம் என்று காரணம் சொல்லப்பட்டது. குடும்பங்கள் நெயின், ஹோப்டேல், மக்கோவிக் என்று தெற்கே பிரிந்து போயின. போன இடத்தில் எங்கே மீன், எங்கே சீல் என்று தெரியாமல் நல்ல வேட்டைக்காரரும் கஷ்டப்பட்டார்கள்.

நான் கணக்காளன். ஓர் ஊரை நடத்தும் செலவைப் போட்டுப் பார்க்க எனக்குத் தெரியும். ஊரை இழப்பதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எந்த வகுப்பிலும் படிப்பிக்கவில்லை. இந்த வானொலியைக் கேட்கும் உங்களுக்கு அதை நான் விளக்கத் தேவையுமில்லை.

2005இல் மாகாண அரசு அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு நில உரிமை ஒப்பந்தமும் கைச்சாத்தானது. இன்று அந்த மலைகள் தேசியப் பூங்கா. நிர்வாகத்தில் இனுயிற் மக்களும் பங்காளிகள். 46 வருடம் காத்திருந்து கிடைத்த மன்னிப்பு. அதைக் கேட்க எல்லோரும் உயிரோடு இருக்கவில்லை.

உங்கள் ஊரின் குளம், ஒழுங்கை, கோயில் வீதி எல்லாவற்றின் பெயரையும் இந்த வார இறுதியில் ஒரு கொப்பியில் எழுதி, பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.