ஒரே செய்தி, இரு குழாய்கள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் டாக்டரல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் குமாஸ்தாவாகக் கோப்புகளுடன் காலங்கழித்து வருகிறோம். ஆயினும் நமது காலனித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஆண்டுதோறும் மலைத்தேனீக்கள் கூடு கட்டுவதையும், சிறுவர்கள் அதன்மீது கல்லெறிவதையும் எல்லோரும் பார்த்து வருகிறோம். தேனீ கொட்டினால் உடம்பினுள் நிகழ்வது யாது என்பதைப் படித்தறிந்த அளவில் சொல்லவே இம்மேடை ஏறினோம்.

முதலில் ஒரு சிறு சோதனை. முன்கையில் நகத்தால் அழுத்தி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சிவக்கும்; அதைச் சுற்றிலும் செம்மை பரவும்; சிலருக்கு அது தடித்தும் எழும்பும். லண்டனில் தாமஸ் லூயிஸ் என்னும் மருத்துவ அறிஞர் இம்மூன்றையும் ஆராய்ந்து 1927-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊறுபட்ட தோலிலிருந்து ஹிஸ்டமினையொத்த ஒரு பொருள் வெளிப்பட்டு இரத்தக் குழாய்களை விரிக்கின்றது என்பதே அவர் கண்ட முடிவு.

அந்த ஹிஸ்டமினைத் தோலிலும் மூச்சுப் பாதையிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்கள் நுண்மணிகளாகச் சேமித்து வைத்துள்ளன. அழற்சி மூண்டதும் அவை அதனை வெளியே கொட்டிவிடுகின்றன. கைகால்களின் தசை நாம் ஏவியபடி இயங்கும். மூச்சுக் குழல், இரத்தக் குழாய் ஆகியவற்றின் சுவரிலுள்ள மென்தசையோ நமது ஏவலுக்குக் கட்டுப்படுவதன்று. நரம்பும் இத்தகைய இரசாயனத் தூதுகளுமே அதனை ஆள்கின்றன.

இனி வியப்பைக் கேளுங்கள். 1910-இல் ஹென்றி டேல், லெய்ட்லா என்னும் இருவர் ஹிஸ்டமினைப் பிராணிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். கினிப் பன்றியின் மூச்சுக் குழல்கள் இறுகி, அது மூச்சடைத்து மாண்டது. நாய்க்கோ இரத்த அழுத்தம் சரிந்தது. ஒரே பொருள் ஒரு குழாயை இறுக்குகிறது, மற்றொன்றைத் தளர்த்துகிறது! இஃது எவ்வாறு?

இதற்கு விடைகாணும் வழி 1980-இல் திறந்தது. அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பார், முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அசிடைல்கோலின் என்னும் வேறொரு பொருளைச் சோதித்தார். குழாயின் உட்புறத்து மெல்லிய படலம் சிதையாதிருந்தால் தசை தளர்ந்தது. படலத்தைத் தேய்த்து அகற்றிவிட்டால் தளரவில்லை. செய்தியைப் படலம் வாங்கிக்கொண்டு, தளரும்படி வேறொரு தூதைத் தசைக்கு அனுப்புகிறது என்பது புலனாயிற்று. அத்தூது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு. இவ்வாராய்ச்சிகளுக்காக 1998-இல் ஃபர்ச்காட் உள்ளிட்ட மூவர் நோபல் பரிசு பெற்றனர். ஹிஸ்டமின் திறத்திலும் பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கிறது; தசை நேரே தளர்வதும் உண்டு. மேலிடத்துத் தாக்கீது இடையிலுள்ள மேசையைக் கடக்கையில் பொருள் மாறிவிடுவதைக் குமாஸ்தாக்களாகிய நாம் அறியாததா!

தேனீ ஒன்று கொட்டினால் பெரும்பாலோர்க்கு அவ்விடத்தில் வீக்கமும் கடுப்பும் மட்டுமே. முன்னரே கொட்டுண்டு, அவ்விஷத்தின்மேல் உடம்பு பகைகொண்டுவிட்ட சிலருக்கோ ஹிஸ்டமின் உடலெங்கும் ஒருசேரப் பாய்கிறது. மேனியெல்லாம் தடிப்பு, குரல் கம்மும், மார்பு இரைக்கும். குழாய்கள் விரிந்து, அவற்றின் சுவரிலும் இடைவெளி உண்டாகி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. பத்து நிமிடத்திற்குள் அதில் மூன்றிலொரு பங்கு வரை கசிந்துபோவதும் உண்டு. காற்று செல்லவேண்டிய வழி அடைகிறது. இரத்தம் தங்கவேண்டிய வழி அகல்கிறது.

இவ்விரு கேட்டையும் ஒருங்கே மாற்றவல்லது அட்ரினலின். அது இரத்தக் குழாயை இறுக்கும், மூச்சுக் குழலைத் தளர்த்தும். ஹிஸ்டமின் செய்ததை இரு முனையிலும் நேர்மாறாக்கும். நம் வீடுகளில் அரிப்புக்கு வைத்திருக்கும் செட்டிரிசின் மாத்திரை அவ்வாறன்று. அது தடிப்பை அடக்கும். இறுகிய மூச்சையும் சரிந்த இரத்த அழுத்தத்தையும் உரிய நேரத்தில் மீட்காது. அழற்சியில் வெளிப்படும் லியூகோட்ரைன் முதலிய பிற தூதுகளையும் அது தடுப்பதில்லை. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பது கூடாது என்று நாம் அழுத்திச் சொல்வதன் காரணம் இதுவே. அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசியாகப் போடுகின்றனர். ஐந்து நிமிடத்தில் குணங்காணாவிடில் மறுமுறையும் போடுவர். அதுவரை நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்கவேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவிடலாம். எழுந்து நடக்கவிடுதல் ஆகாது.

காரியக் கமிட்டியாருக்கு ஒரு விண்ணப்பம். அருகிலுள்ள எந்த மருந்தகத்தில் அட்ரினலின் இரவிலும் கிடைக்கும், அதன் காலாவதித் தேதியை யார் பார்க்கிறார்கள் என்பதை விசாரித்து, அவ்விடத்துத் தொலைபேசி எண்ணைச் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டுகிறோம். தேன்கூட்டை அகற்றத் தெரிந்த ஆளையும் இம்மாதத்திற்குள் அழைப்பித்தல் நலம்.