பிறர் மண்ணை விலையாக்கிய சமாதானம்

(ஹைதராபாத்தில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



1938 செப்டம்பரில் ஹைதராபாத் சமஸ்தானக் காங்கிரஸ், முறைப்படி அமைக்கப்படுவதற்கு முன்பே நிஜாம் அரசால் தடை செய்யப்பட்டது. அதே மாதம் 30ஆம் நாள் அதிகாலையில், மியூனிக் நகரில் சேம்பர்லின், தலாதியே, ஹிட்லர், முசோலினி ஆகிய நால்வரும் செக்கோஸ்லோவாகியாவின் சுதேத்தன் பகுதியை ஜெர்மனிக்கு அளிக்கும் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். செக் பிரதிநிதிகள் பேச்சுவார்த்தைக்குள் அனுமதிக்கப்படவில்லை; முடிவு மட்டுமே அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. இங்கே நிஜாமைத் தாங்கி நின்றதும், அங்கே செக் மண்ணைக் கைமாற்ற உடன்பட்டதும் ஒரே பேரரசுதான்.

மியூனிக்கை ஒரு முதியவரின் பலவீனமாகச் சித்தரிப்பது வழக்கமாகிவிட்டது. குடையும் காகிதமுமாகத் திரும்பிவந்த பிரதமரைக் கேலி செய்வது எளிது. ஆனால் அதற்கு முன்பே ஏழாண்டுக் கணக்கு ஒன்று உண்டு. 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைக் கைப்பற்றியது. சர்வதேசச் சங்கம் அறிக்கையோடு நின்றது. 1935 ஜூனில், பிரிட்டிஷ் கடற்படையில் நூற்றுக்கு 35 என்ற அளவுக்குத் தனது கடற்படையைப் பெருக்கிக்கொள்ள ஹிட்லருக்கு லண்டனே இசைவளித்தது. அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவின் மீது படையெடுத்தது. அதன்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எண்ணெய் சேர்க்கப்படவில்லை. டாங்கியையும் விமானத்தையும் இயக்குவது எண்ணெய் என்பதை அறியாதவர்களா அவர்கள்? சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. இத்தாலியத் துருப்புக் கப்பல்கள் கட்டணம் செலுத்திக் கடந்து சென்றன. ஸ்பெயினில் ‘தலையிடாமை’ என்ற பெயரால் குடியரசின் கைகள் கட்டப்பட்டன. பிராங்கோவுக்கோ ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் வந்தவண்ணம் இருந்தன.

இவற்றுக்கு அச்சமும் ஒரு காரணம். இன்னொரு பெரும்போர் வந்தால் சாம்ராஜ்யம் நிலைக்காது என்ற அச்சம். அத்துடன், ஹிட்லரின் பசி கிழக்கே சோவியத் மண்ணை நோக்கித் திரும்பட்டும் என்ற எதிர்பார்ப்பும் ஆளும் வட்டாரங்களில் வலுவாக இருந்தது. விட்டுக்கொடுக்கப்பட்டது எப்போதும் பிறர் மண்ணே.

அந்த மண்ணோடு சேர்ந்து போனது என்ன? எல்லை மலைகளின் கோட்டை அரண்கள் சண்டையின்றிப் போயின. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மானியப் படை பிராகுக்குள் நுழைந்தபோது ஸ்கோடா ஆயுத ஆலையும் அதன் வசமாயிற்று. அதே மாதத்தில், லண்டனில் பேங்க் ஆப் இங்கிலாந்தில் இருந்த 50 லட்சம் பவுண்டுக்கும் மேற்பட்ட மதிப்புள்ள செக் தங்கம் ஜெர்மானிய மத்திய வங்கியின் கணக்குக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் பிரான்சுக்குள் பாய்ந்த ரோம்மலின் படைப்பிரிவில் செக் டாங்கிகளும் இருந்தன.

பிராகு வீழ்ந்த பிறகும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. சோவியத் யூனியனுடன் இராணுவப் பேச்சு நடத்த, 1939 ஆகஸ்டில் பிரிட்டிஷ் தூதுக்குழு விமானத்தில் அல்ல, மெதுவான கப்பலில் அனுப்பப்பட்டது. தலைமை வகித்த அட்மிரல் டிராக்சிடம் கையொப்பமிடும் அதிகாரமும் இல்லை. பேச்சு முறிந்தது; 23ஆம் நாள் சோவியத்–ஜெர்மன் உடன்பாடு கையெழுத்தாயிற்று. போலந்தைப் பங்கிடும் இரகசியப் பிரிவு அதில் இருந்ததை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஆகஸ்டை மட்டும் தனியே எடுத்து, மியூனிக்கை மறந்து பேசுவது வரலாறாகாது.

இந்திய விடுதலை இயக்கம் இதை முன்னதாகவே உணர்ந்திருந்தது. 1936இல் ரோம் வழியாகத் திரும்பிய நேரு, முசோலினியைச் சந்திக்க மறுத்தார். 1938இல் பார்சிலோனாவுக்கும் பிராகுக்கும் சென்றார். 1939 மார்ச்சில் திரிபுரி காங்கிரஸ், பாசிச வல்லரசுகளுக்குத் துணைபோன பிரிட்டிஷ் வெளிநாட்டுக் கொள்கையுடன் தனக்குத் தொடர்பில்லை எனத் தீர்மானித்தது. அந்த இயக்கத்தை ஒரு வார்த்தை கேளாமல்தான், செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவைப் போரில் சேர்த்தார்.

நிஜாம் போருக்குப் பணம் வழங்கினார். பிரிட்டிஷ் விமானப்படையின் 152ஆவது பிரிவு ஹைதராபாத்தின் பெயரைப் பெற்றது. அதன் சின்னத்தில் நிஜாமின் தலைப்பாகையும் ‘விசுவாசமான கூட்டாளி’ என்ற வாசகமும் இடம்பெற்றன. தெலங்கானா விவசாயியிடமிருந்தோ லெவி என்ற பெயரால் தானியம் பறிக்கப்பட்டது. உலகப்போர் முடிந்து ஓராண்டு நிறைவதற்குள், 1946 ஜூலை 4 அன்று, கடவெண்டி கிராமத்தில் தேஷ்முக்கின் அடியாட்கள் சுட்டதில் தோழர் தொட்டி கொமரய்யா வீழ்ந்தார்.