சுருளும் ஏடுகள்



கண்ணுக்குப் புலனாகாத சில குழாய்களைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம்.

பென்சிலில் உள்ள கிராஃபைட் ஏடு ஏடாக அடுக்கப்பெற்ற பொருள் என்பதை நாம் அறிவோம். டங்ஸ்டன் டைசல்பைடு என்னும் கனிமச் சேர்மமும் அத்தகையதே. ஏட்டினுள் பிணைப்பு வலிது, ஏடுகளுக்கிடையே மெலிது. 1991-இல் ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா கரியின் நுண்குழாய்களை விளக்கினார். மறு ஆண்டே இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக் கழகத்தில் ரெஷெஃப் டென்னெ குழுவினர், டங்ஸ்டன் டைசல்பைடும் குழாயாகும் என நிறுவினர். சுருளுதல் கரிக்கு மட்டும் உரிய குணமன்று எனத் தெளிவாயிற்று.

தட்டையான ஏடு சுருள்வானேன்? நடுவிலுள்ள அணுவுக்கு எப்புறமும் துணை உண்டு. விளிம்பிலுள்ள அணுவுக்கோ பிணைப்புக் குறைவு. ஏடு மிகச் சிறிதாயின் விளிம்பணுக்களின் பங்கு பெருகுகிறது. அப்போது வளைவதற்காகும் ஆற்றலைவிட, விளிம்புகள் ஒன்று சேர்வதால் வரும் ஆதாயம் மிகுதி. ஆகவே ஏடு வளைந்து மூடிக்கொள்கிறது.

டங்ஸ்டன் ஆக்சைடின் நுண்துகள்களை 800 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, ஹைட்ரஜனையும் ஹைட்ரஜன் சல்பைடையும் செலுத்துவர். மேற்பரப்பு முதலில் சல்பைடாகும். பின்னர் மாற்றம் அடுக்கடுக்காக உள்நோக்கிச் செல்லும். 2001-இல் பெங்களூரில் சி. என். ஆர். ராவ் குழுவினர், டிரைசல்பைடுகளை ஹைட்ரஜனில் சூடாக்கும் எளிய வழியை வெளியிட்டனர்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குழாயின் சுவர்கள் இணைகோடுகளாகத் தோன்றும். கோடுகளின் இடைவெளி ஏறத்தாழ 0.62 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரின் 100 கோடியில் ஒரு பங்காகும். எக்ஸ் கதிர் ஆய்வும் இவ்வளவை உறுதி செய்யும். இயந்திரங்களின் தேய்மானத்தைக் குறைக்கும் உயவுப் பொருளாக, இதே சேர்மத்தின் உள்ளீடற்ற நுண்துகள்கள் பயன்படுகின்றன.

இயற்கையும் இவ்வித்தையை அறியும். கிரைசோடைல் என்னும் கல்நார், மெக்னீசியம் சிலிகேட்டு ஏடுகள் சுருண்ட குழாயே. இருபுறமும் ஒவ்வாத ஏடு வளையும் என்று லைனஸ் பாலிங் 1930-லேயே கருதினார். ஆயின் அக்கல்நாரின் தூசி நுரையீரலில் புற்றுநோய் விளைவிக்கும். கூரைத் தகடு அறுக்கும் தொழிலாளரே அதனை முதலில் சுவாசிப்பவர். அவர் நம் வீட்டாராகவும் இருக்கக்கூடும்.

எனவே இளைஞர்களே! புதிய பொருளை ஆக்கும் அறிவோடு, அது உழைப்பவரின் மூச்சில் புகுந்தால் யாது விளையும் என வினவும் அறிவும் வேண்டும். வேதியியலைக் கண்டு அஞ்சாது கற்பீராக. அவ்வினாவை ஆய்வுக்கூடத்தில் நின்று எழுப்புவோர் நம்மிடையிலிருந்தும் தோன்றுக!