பெட்டியடியில் படித்த பாடம்



இந்தக் கருத்தரங்கில் தலைமை தாங்க வேண்டும் என்று கடிதம் வந்தபோது, ஆள் மாறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் பழைய கணக்கு ஏடுகளைப் படிக்கிறவன். வாழ்க்கையில் விற்க முயன்ற ஒரே சரக்கு என் ஆய்வு நூல். அதிலும் பாதி இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. முன்வரிசையில் சொந்தமாகத் தொழில் நடத்தி, மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்துப் பழகியவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பேசக் கொஞ்சம் கை நடுங்குகிறது. பெருமையாகவும் இருக்கிறது.

'தொழில்முனைவுக் கல்வி: தொடங்குதலும் நடத்துதலும்' என்பது நமக்குத் தந்த தலைப்பு. வெபர், ஷும்பீட்டர் என்று தொடங்கி இந்தத் துறையின் வரலாற்றை ஒப்பிப்பது இந்த அவையில் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஒன்று மட்டும் சொல்கிறேன். வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களை நேற்றிரவு முழுக்கப் படித்தேன். யோசனை பிறப்பது, திட்ட அறிக்கை எழுதுவது, முதலீட்டாளரைச் சந்திப்பது என்று தொடங்குதல் பற்றியவை ஏராளம். நடத்துதலைப் பற்றியவற்றை விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதுமானதாக இருந்தது.

இந்தச் சாய்வுக்கு ஒரு வரலாறு உண்டு. உளவியலாளர் டேவிட் மெக்லெலண்டின் காக்கிநாடா ஆய்வை நாம் எல்லோரும் வகுப்பில் நடத்துகிறோம். 1960களில் காக்கிநாடா வணிகர்களை ஐதராபாத்துக்கு வரவழைத்து, பத்து நாள் அளவில் சாதனை ஊக்கப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் பிறகு தொழிலில் கூடுதல் சுறுசுறுப்புக் காட்டினார்கள் என்று 1969இல் அவரும் டேவிட் விண்டரும் எழுதினார்கள். மனத்தில் ஊக்கத்தை ஊட்டினால் தொழில்முனைவோர் உருவாவார்கள் என்ற முடிவுக்கு நாமாக வந்து, அதன்மேல் பாடத்திட்டங்களைக் கட்டினோம். அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் யார் என்று கேட்க மறந்தோம். அவர்கள் ஏற்கெனவே கல்லாவில் உட்கார்ந்தவர்கள். சரக்கு தேங்கினால் என்ன ஆகும், கடன் வராவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பத்து நாள் போதுமானதாக இருந்திருக்கலாம். கடைவாசலே மிதிக்காத இருபது வயதுப் பிள்ளைக்கும் அதே மருந்தைக் கொடுத்தால் எப்படி?

அப்படியானால் நம் வணிகர்கள் நடத்துதலை எங்கே கற்றார்கள்? இங்கே என் பழைய பல்லவியைப் பாட அனுமதிக்க வேண்டும். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய நகரத்தார், பையன்களைப் பெட்டியடியில், அதாவது பணப்பெட்டிக்குப் பக்கத்தில், உட்கார வைத்தார்கள். பெட்டியடிப் பையனுக்குக் கூட்டுவதும் பெருக்குவதும் எடுபிடி வேலையும்தான் தொடக்கப் பாடம். பிறகு குறிப்பில் அன்றன்றைய வரவு செலவை எழுதக் கற்றான். பிறகு பேரேட்டில் பெயர்த்தான். தேறினால் அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதிக் கப்பலேறினான். பணம் சேர்த்து, நம்பிக்கையும் சேர்த்த பிறகே பலர் சொந்த விலாசத்தில் கடை போட்டார்கள். வரிசையைக் கவனியுங்கள்: நடத்தத் தெரிந்த பிறகு தொடங்கினார்கள். நாம் தொடங்கச் சொல்லிப் பட்டம் கொடுத்து அனுப்புகிறோம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். தூணும் கதவும் எனாமல் தட்டும் தேடிப் போகிறவர்களே அதிகம். நான் அங்கே ஒரு மூலையில் கிடந்த பேரேடு ஒன்றை வாங்கினேன். அதை இங்கே மேசைமேல் வைத்திருக்கிறேன். விலாசத்தை மட்டும் தாள் ஒட்டி மறைத்திருக்கிறேன். அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் நம் கண்முன் நடமாடுகிறார்கள். மேலே பிள்ளையார் சுழி, அடுத்து 'சிவமயம்', பிறகு பிரமோதூத ஆண்டு, அதாவது 1930-31. ஒரு பக்கத்தில் கணக்கு உதைக்கிறது. மூன்றணா. பையன் அடித்து எழுதியிருக்கிறான், மறுபடி கூட்டியிருக்கிறான், மை கறுத்துத் தாள் கிழிந்தே போயிருக்கிறது. இரண்டு பக்கம் தள்ளி வேறொரு கை, நிதானமான பெரிய கை, ஒரே ஒரு வரி போட்டிருக்கிறது: கோயில் மகமை இருமுறை பற்றெழுதப்பட்டது. அவ்வளவுதான். அந்த மூன்றணாவைப் பையன் சாகும்வரை மறந்திருக்க மாட்டான் என்பது என் துணிபு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் இந்தப் பெட்டியடிப் பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் எழுந்து, 'இது சாதி வரலாறு. இதில் மேலாண்மைப் பாடம் தேடுவது செட்டிநாட்டுக் குழம்பில் வேதியியல் தேடுவது போல' என்றார். அவை சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். குழம்பில் வேதியியல் இருக்கத்தானே செய்கிறது என்ற பதில், ரயிலேறிய பிறகுதான் தோன்றியது. நண்பர் இன்று இரண்டாம் அமர்வுக்குத் தலைமை வகிக்கிறார். ஆகவே ஆறப்போட்ட பதிலை இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அந்தப் பெட்டியடி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. டேவிட் ரட்னர் 1994இல் எழுதிய நூல் சாதியும் மூலதனமும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை விரிவாகக் காட்டுகிறது. அந்த நூலுக்கு நான் பட்ட கடன் பெரிது. ஆனால் ரட்னர் பார்த்தது வலைப்பின்னலை. நான் கேட்பது, வலைக்குள் இருந்த பையன் எப்படிக் கற்றான் என்பதை. இந்தக் கற்றல் ஒரு சாதியோடு முடிந்திருந்தால் நண்பர் வென்றிருப்பார். திருப்பூரைப் பாருங்கள். ஷரத் சாரி 2004இல் எழுதிய நூலில் வருகிற பனியன் முதலாளிகள் பலர், தொழிலாளியாக மெஷினில் உட்கார்ந்து பிறகு கம்பெனி வைத்த கவுண்டர்கள். ஜேம்ஸ் பெர்னா 1960இல் வெளியிட்ட நூலுக்காகச் சென்னை மாநிலத் தொழில்முனைவோரை ஆராய்ந்தபோது, அவர்கள் பல சாதிகளிலிருந்தும் பல பின்னணிகளிலிருந்தும் வந்ததைக் கண்டார். சாதி மாறுகிறது, சரக்கு மாறுகிறது. முதலில் இன்னொருவர் கடையிலோ பட்டறையிலோ கை பழகுவது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

இன்னொன்று. நகரத்தாரின் இந்த ஏடுகளில் வெற்றி மட்டுமே இருந்திருந்தால் நானே இவற்றை மூடி வைத்திருப்பேன். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் அது 25 பங்கு. பேராசை என்று படிக்கலாம். பர்மிய உழவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நிலத்தைப் பறிகொடுத்த கதைதான், அதை மறைப்பதற்கில்லை. பேரேட்டிலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது: நெல் விலை சரிந்து கடன் வராமல் போனது, அடமானம் கையில் ஒட்டிக்கொண்டது. உழவு தெரியாதவர் கையில் வயல். சொத்துப் பெருகியதாக எழுதிய அந்தப் பக்கங்கள் உண்மையில் பணம் முடங்கிய பக்கங்கள். லாபத்துக்கும் ரொக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலில் காட்டுவீர்கள்?

ஆகவே என் வேண்டுகோள், வாதம் என்றாலும் சரி, இதுதான். தொழில்முனைவு படிக்க வரும் பிள்ளை திட்ட அறிக்கை எழுதுவதற்கு முன், ஒரு மளிகைக் கடையிலோ பவுண்டரியிலோ அச்சகத்திலோ ஓராண்டு உட்காரட்டும். இரவு கல்லாவை எண்ணிக் கணக்கை நேர் செய்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும். அதற்கு மதிப்பெண் கொடுப்போம். பரண்களில் கிடக்கும் பேரேடுகள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகுமுன் நம் நூலகங்கள் வாங்கி வைக்கட்டும்.

எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. பொதுத் தலைப்பைப் பற்றி ஏதோ சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருந்த தாள் அப்படியே இருக்கிறது. பேரேட்டை மேசையிலேயே விட்டுப் போகிறேன். மூன்றணா உதைக்கும் பக்கத்தில் நூல் கட்டியிருக்கிறேன். இரண்டாம் அமர்வில் நண்பர் என்னை மறுக்கத்தான் போகிறார்; மறுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு முறை அவரே கூட்டிப் பார்க்க வேண்டும்.