கல்லூரிப் படிப்பு நமக்குக் கட்டுப்படியாகுமா?

(மும்பை தாராவியில் நமது சங்கத்தின் சார்பில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், ரயில்வே எழுத்தரும் சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவு வரும் காலத்தில் நம் சங்கத்துக்கு ஒரு கேள்வி வருகிறது. தோல் பட்டறையில் வேலை செய்யும் அண்ணாச்சி கேட்கிறார், விடியற்காலை நான்கு மணிக்கு இட்லி அவித்துத் தெருவுக்கு அனுப்பும் அக்கா கேட்கிறார்: "தம்பி, பிள்ளை பன்னிரண்டு முடிச்சிட்டான். மேலே படிக்க வைக்கிறது கட்டுப்படியாகுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவரைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். படிப்பின் அருமை தெரியாதவர்கள் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் குடும்பம் கணக்குப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். நான் பத்தாம் வகுப்பு படித்தவன். ரயில்வேயில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன். ஆகவே இந்தக் கேள்விக்கு உபதேசமாக அல்லாமல் கணக்காகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், சந்தேகப்படுகிறவர்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கிய பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்பது பொய்யல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பட்டதாரி இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம்தான். அப்படியானால் படிக்காதவன் நன்றாக இருக்கிறான் என்று பொருளா? இல்லை. வேலை தேடி வீட்டில் காத்திருக்க அவனுக்கு வசதியில்லை. கிடைத்த கூலிக்குப் போகிறான்; கணக்கில் 'வேலையுள்ளவன்' ஆகிறான்.

எங்கள் ரயில்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் அறிவித்த எழுத்தர், நிலைய அதிகாரி முதலான சுமார் 35,000 இடங்களுக்கு ஏறத்தாழ 1.25 கோடிப் பேர் மனுப்போட்டார்கள். அதே ஆண்டு கடைநிலைப் பணிகளுக்கு அறிவித்த சுமார் 1.03 லட்சம் இடங்களுக்கு ஒரு கோடிக்கும் மேல் மனுக்கள் வந்தன. தண்டவாளம் பார்க்கிற வேலைக்குப் பட்டதாரிகளும் வரிசையில் நின்றார்கள். இதைக் கண்ணால் பார்த்த தகப்பன் "படித்து என்ன ஆகப்போகிறது" என்று கேட்டால் அவரை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் அதே ரயில்வேயின் சம்பளப் பட்டியலையும் பாருங்கள். 7-ஆவது ஊதியக் குழு 2016 முதல் வகுத்த தொடக்க அடிப்படை ஊதியம் இது: பத்தாம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. தகுதியுள்ள கடைநிலை ஊழியருக்கு 18,000 ரூபாய். பன்னிரண்டு முடித்து வரும் டிக்கெட் எழுத்தருக்கு 21,700. பட்டம் பெற்று வரும் நிலைய அதிகாரிக்கு 35,400. ஒரே நிலையம், ஒரே வெயில், ஒரே மழை. முதல் நாளிலேயே ஊதியம் ஏறக்குறைய இரட்டிப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டிக்கெட் எழுத்தருக்கு மெட்ரிக் போதும் என்றிருந்தது. பிறகு பன்னிரண்டு கேட்டார்கள். வாசற்படி ஒவ்வொரு தலைமுறைக்கும் உயர்ந்துகொண்டே போகிறது. பட்டம் இருந்தால் வேலை நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. பட்டம் இல்லாவிட்டால் அந்த வரிசையில் நிற்கவே இடமில்லை என்கிறேன்.

அடுத்து, செலவுக் கணக்கு.

கட்டணத்தை மட்டும் செலவு என்று எண்ணுகிறோம். பெரிய செலவு வேறு இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் பட்டறைக்குப் போனால் நாளுக்கு 500 ரூபாய் கூலி என்று வையுங்கள். மாதம் 25 நாள் என்றால் 12,500. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். மூன்று ஆண்டில் நாலரை லட்சம். இந்த வருமானத்தை விட்டுக்கொடுத்துத்தான் நாம் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். பணக்கார வீட்டுக்கு இந்தச் செலவே கிடையாது. அதனால்தான் அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இனி, எந்தக் கல்லூரி என்பது. இந்த ஊரில் ஒரே கல்லூரிக் கட்டடத்துக்குள் இரண்டு கல்லூரிகள் இருப்பது பலருக்குத் தெரியாது. அரசு உதவி பெறும் பிரிவில் பி.காம்., பி.ஏ. படித்தால் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அதே கட்டடத்தில் சுயநிதிப் பிரிவில், கவர்ச்சியான பெயருள்ள படிப்புக்குப் பல மடங்கு வாங்குவார்கள். மனுவில் கையெழுத்துப் போடுமுன் "இது உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கே ஓர் ஆண்டுச் சீட்டுப் பணம் மிச்சமாகும்.

மே மாதம் ஆனால் நம் சந்துகளில் முகவர்கள் வருகிறார்கள். வெளியூர்ப் பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன், கடனும் வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். பிள்ளைக்கு இவ்வளவு என்று கல்லூரி அவர்களுக்குத் தரகு கொடுக்கிறது. அந்தத் தரகும் நீங்கள் கட்டும் கட்டணத்திலிருந்துதான் போகிறது. நாலு லட்சம் கடனை 10 சதவீத வட்டியில் ஏழு ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய். மொத்தம் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். பெயர் தெரியாத கல்லூரியில் படித்து 15,000 ரூபாய் வேலைக்குப் போகும் பிள்ளை இதை எப்படிக் கட்டுவான்? அந்தப் படிப்பு கட்டுப்படியாகாது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

கடன் வாங்கியே தீரவேண்டும் என்றால் முகவரிடம் போகாமல் நேரே வங்கிக்குப் போங்கள். கல்விக் கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின்கீழ் வரும் கடனில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தரச்சான்று பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. தரச்சான்று இல்லாத கல்லூரிக்கு அந்தச் சலுகை கிடையாது. முகவர் இதை உங்களிடம் சொல்லமாட்டார்.

தோழர்களே, எல்லா ஏழைக்கும் உள்ள செலவு இது. இதற்கு மேல், ஊர் விட்டு ஊர் வந்த நமக்கென்று ஒரு தனிச் செலவு இருக்கிறது. இன்று நான் முக்கியமாகப் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

1990-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் இருந்த சமூகத்து மாணவர் ஒருவர், தந்தையின் வேலைக்காகச் சிறு வயதிலேயே பம்பாய் வந்தவர், இங்கே மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டார். பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி. குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்தச் சலுகை இல்லை என்றது நீதிமன்றம். 1994-இல் இதை மீண்டும் உறுதி செய்தார்கள். 2018-இலும் அரசியல் சாசன அமர்வு அதையே சொன்னது. மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதியினருக்கு 1950-ஐயும், பிற பிற்பட்டோருக்கு 1967-ஐயும் கணக்கு ஆண்டாக வைத்து, அதற்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். அதுவும் நம் சமூகம் இம்மாநிலப் பட்டியலில் இருந்தால்தான் பயன். பாட்டன் காலத்தில் வந்தவனிடம் அந்தக் காலத்துக் காகிதம் எங்கே இருக்கிறது? குடிசை எரிந்தபோதும் வெள்ளம் வந்தபோதும் போனது போக மிஞ்சியது என்ன?

சரி, தாய்த் தமிழகம் இருக்கிறதே என்றால், அங்கே நல்ல திட்டங்கள் இருக்கின்றன. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையன்களுக்கும் அப்படியே. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல் முதலிய படிப்புகளிலும் 7.5 சதவீத இடம். இவையெல்லாம் ஆறாம் வகுப்பு முதல் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு. மும்பை மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த நம் பிள்ளை அதில் சேரமாட்டான். 2021-22 கணக்கின்படி உயர்கல்வியில் சேர்வோர் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்தியா முழுமைக்கும் 28.4 சதவீதம். அந்த 47-ஐச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். அதில் நம் பிள்ளை இல்லை.

உதவித்தொகைக்குப் போனாலும் இதே கதை. இங்குள்ள மேசையில் "உன் மாநிலம் தமிழ்நாடு" என்கிறார்கள். அங்குள்ள மேசையில் "பிள்ளை பிறந்ததும் படித்ததும் மும்பை" என்கிறார்கள். இரண்டு மாநிலத்துக்கும் உழைத்தவன் பிள்ளை இரண்டு பட்டியலிலும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சலுகையில் படிக்கும் அதே படிப்புக்கு நாம் முழுக் கட்டணம் கட்டுகிறோம். கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நம் வீட்டில் இத்தனை உரக்கக் கேட்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனாலும் திறந்திருக்கும் கதவுகள் உண்டு. அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, மத்திய அரசின் கதவு. தமிழ்நாட்டில் பெற்ற தகப்பனாரின் சாதிச் சான்றிதழை வைத்துப் பிள்ளைக்கும் சான்றிதழ் பெறலாம். ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம், ரயில்வே, வங்கி, மத்திய அரசுத் தேர்வுகள் ஆகியவற்றில் அது செல்லும். மாநிலத்தில் செல்லாததால் அது வெறும் காகிதம் என்று பலர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு, தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு. 2007 முதல் அங்கே மாநில நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுக் குடும்பத்துப் பிள்ளையும் பிறப்பிடச் சான்றிதழ் காட்டி விண்ணப்பிக்கலாம். முகவருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூட ஆகாது.

மூன்று, இங்கேயே பொதுப் பிரிவில் தொழிற்கல்வி இடம் கிடைத்து, மகாராஷ்டிர வசிப்பிடச் சான்றிதழும் இருந்து, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், கல்விக் கட்டணத்தில் பாதியை ஏற்கும் ராஜர்ஷி சாகு மகாராஜ் திட்டம் உண்டு. அதற்கு 15 ஆண்டு வசிப்புக்கு அடையாளம் கேட்பார்கள்.

நான்கு, வேலை செய்துகொண்டே படிப்பது. 1946-இல் டாக்டர் அம்பேத்கர் இதே ஊரில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகும் இளைஞர்களுக்காகக் காலை வகுப்பு வைத்தார். ஏழை மாணவனின் பெரிய செலவு அவன் இழக்கும் கூலி என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், நாசிக்கில் யஷ்வந்த்ராவ் சவாண் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அவற்றின் பட்டத்தைக் காட்டி மத்திய அரசுத் தேர்வு எழுதலாம்.

ஐந்து, கல்லூரியில் நாட்டமில்லாத பிள்ளைக்கு ஐ.டி.ஐ. அதை முடித்து ரயில்வேயில் தொழிற்பழகுநர் பயிற்சி பெற்றால், கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதத்தில் முன்னுரிமை உண்டு. எதிலும் சேராமல் நாக்காவில் நிற்பதைவிடவும், கடன்பட்டுப் பெயரில்லாக் கல்லூரியில் சேர்வதைவிடவும் இது மேல்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பையன் படிப்புக்குக் கணக்குப் பார்க்கும் நாம், பெண் படிப்பு என்றால் கணக்கே பார்ப்பதில்லை. முதலிலேயே இல்லை என்று விடுகிறோம். சீர் செய்ய லட்சக்கணக்கில் சீட்டுக் கட்டுகிறோம். உதவி பெறும் கல்லூரியில் மூன்றாண்டு பி.காம். படிக்க வைப்பதற்கு அதில் ஒரு பங்கு போதும். போட்ட நகை அடகுக் கடைக்குப் போகலாம். பட்டத்தை யாரும் அடகு வாங்கமாட்டார்கள்.

இறுதியாக, சங்கத்தின் வேலை. பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வரும்போதே காகிதங்களைச் சேர்க்க வேண்டும்: பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், தகப்பனாரின் சாதிச் சான்றிதழ், ஊரில் வாங்கும் பிறப்பிடச் சான்றிதழ், இங்குள்ள ரேஷன் அட்டை, வருமானச் சான்றிதழ். கலந்தாய்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது திருநெல்வேலிக்கு ரயில் ஏறிப் பயனில்லை. வீட்டுக்காகத் தேடி வைத்திருக்கும் அதே காகிதக் கட்டு பிள்ளையின் படிப்புக்கும் ஆகும்.

நாம் இரண்டு அரசுகளிடமும் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 2022-க்குள் நாடு முழுவதும் ஒரே ரேஷன் அட்டை செல்லும் என்று செய்து முடித்தார்கள். திருநெல்வேலி அட்டைக்குத் தாராவியில் அரிசி கிடைக்கும் என்றால், அந்தப் பிள்ளைக்கு உரிய உதவித்தொகை ஏன் பின்னாலேயே வரக் கூடாது? வெளிமாநிலத்தில் படிக்கும் தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகளைத் தன் திட்டங்களில் சேர்க்கும்படி தமிழ்நாட்டு அரசையும், இங்கே பிறந்து இங்கே படித்த பிள்ளைக்கு அந்த வசிப்பையே ஆதாரமாகக் கொண்டு கல்விக் கட்டணச் சலுகை தரும்படி மகாராஷ்டிர அரசையும் கேட்கும் தீர்மானத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

கல்லூரிப் படிப்பு கட்டுப்படியாகுமா என்றால், எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எவ்வளவு கடன் என்று பார்த்துச் சேர்த்தால் ஆகும். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக முகவரிடம் போனால் ஆகாது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் சங்க அலுவலகத்தில் நானும் தோழர்களும் இருப்போம். பிள்ளையையும் காகிதங்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள்.