மீண்டும் ஓர் அறுவை தேவையா?



தோட்டத்து வீடுகளில் நாயும் குடும்பத்தில் ஒன்றுதான். விடியுமுன் நாம் வேலைக்குப் புறப்பட்டால் வாசலைக் காப்பது அது. பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்தால் முதலில் ஓடி வருவதும் அதுவே. அப்படிப்பட்ட சிறு நாயின் தோலில் ஒரு கட்டி. மருத்துவர் அறுத்து எடுத்துவிட்டார். தையலும் பிரித்தாயிற்று. பிறகு, "ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது; இன்னொரு முறை அறுக்க வேண்டி வரலாம்" என்கிறார். செய்வதா, விடுவதா? அச்சத்தாலோ செலவை மட்டும் எண்ணியோ முடிவு செய்யாமல், நாம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதற்கேள்வி: அது என்ன கட்டி? கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. எடுத்த கட்டியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். கொழுப்புக் கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. நாய்களின் தோலில் அதிகமாகக் காணப்படும் புற்றுக்கட்டி 'மாஸ்ட் செல்' கட்டியாகும். 2011ஆம் ஆண்டில் வெளியான ஒரு முறைப்படி, இதைத் தீவிரம் குறைந்தது, தீவிரம் மிகுந்தது என இரண்டாகப் பிரிக்கின்றனர். நம் நாய்க்கு வந்தது எது என்று கேட்டறிய வேண்டும்.

இரண்டாம் கேள்வி: ஓரம் சுத்தமாக இருக்கிறதா? லாலாங் புல்லை மேலாக வெட்டினால், மண்ணுக்குள் ஓடும் தண்டு மீண்டும் தழைக்கும் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் இவ்வகைக் கட்டியைச் சுற்றி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நல்ல தோலையும், அடியில் ஒரு படலத்தையும் சேர்த்து எடுப்பது வழக்கம். சிறு நாயின் காலில் அவ்வளவு தோலுக்கு எங்கே போவது? ஆனால் எல்லாக் கட்டியும் லாலாங் அல்ல. தீவிரம் குறைந்த கட்டியாக இருந்தால், ஓரத்தில் மிச்சம் இருந்தும் பல நாய்களுக்கு அது திரும்புவதில்லை. தீவிரம் மிகுந்ததோ நிணநீர்க் கணு, கல்லீரல், மண்ணீரல் வரை பரவக்கூடும். பரவிவிட்டால் தோலை மட்டும் அறுப்பது போதாது.

மூன்றாம் கேள்வி: நாய் தாங்குமா? முதுமை ஒரு நோயன்று. இரத்தமும் இதயமும் சோதிக்கப்பட்ட பிறகே மயக்க மருந்தைப் பற்றிப் பேசலாம். செலவு எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே கேட்பதில் வெட்கமில்லை. ஐயமிருந்தால் ஆய்வறிக்கையை எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் கேட்கலாம். செர்டாங்கில் புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் உண்டு.

தீவிரம் மிகுந்த கட்டி, பரவவில்லை, தோலும் இருக்கிறது என்றால், தழும்பைச் சுற்றி மீண்டும் அறுப்பதே பெரும்பாலும் நல்லது. தீவிரம் குறைந்தது, இடமோ நெருக்கடியானது என்றால், மருத்துவரோடு கலந்து காத்திருக்கலாம். காத்திருப்பது கைவிடுவதன்று. மாதம் ஒருமுறை தழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தடவிப் பாருங்கள். புதிதாக ஏதேனும் தட்டுப்பட்டால் ஐந்து காசோடு ஒப்பிட்டு, அளவையும் தேதியையும் எழுதி வையுங்கள். அதைப் பிசையாதீர்கள், மஞ்சளோ சுண்ணாம்போ பூசாதீர்கள். தொட்டால் வீங்கிச் சிவந்தாலும், நாய் வாந்தி எடுத்தாலும், கறுப்பாக மலம் கழித்தாலும் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

தனக்கு வலிக்கிறது என்று சொல்ல அந்த வாயில்லாச் சீவனால் இயலாது. அதற்காகக் கேட்க வேண்டியவற்றை நாம்தான் கேட்க வேண்டும்.